புதுப்பிப்பு: கணக்கு எழுதுவதைத் தள்ளிப்போடும் பழக்கம், விட்டது

இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. தினக் கணக்கை "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று விட்டுவிட்டு, ஜிஎஸ்டி கட்டும் 20ஆம் தேதி நெருங்கும்போது ராத்திரி முழுக்க பில் தேடுவேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் அலாரம் வைத்தேன். பட்டறைச் சத்தத்தில் எடுபடவில்லை. பலித்தது, "ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிடு தம்பி" என்று ஒரு அக்கா சொன்னதுதான். நோட்டைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சாயங்கால டீ வந்ததும், கிளாஸ் ஆறுவதற்குள் மூன்று வரி: வரவு, கூலி, கொடுத்த வெள்ளியின் எடை.

எதிர்பாராதது ஒன்று. இது சோம்பல் இல்லை, பயம். ஒரு பழைய வியாபாரியின் பாக்கி இருக்கும் பக்கத்தைப் பார்க்கவே மனசு வராமல் நோட்டையே தொடாமல் இருந்திருக்கிறேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் அது பிடிபட்டது. அவருக்குப் போன் செய்து கேட்டேன், பாதி வந்துவிட்டது.

21 நாளில் பழகிவிடும் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்விலும் சராசரியாக 66 நாள் என்றுதான் வந்திருக்கிறது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டாலும் கெட்டுவிடாதாம். ஏற்காடு கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு போனதில் எனக்கு இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாம் நாள் டீ வந்ததும் கை தானாக நோட்டுக்குப் போனது.