மறுமொழி: கூடைப்பந்தாட்டத்தில் 'ட்ரேட்' – வர்த்தகமா, ஒத்துமாறலா?

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்தாட்டத்தில் அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதை ஆங்கிலத்தில் 'ட்ரேட்' என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் நம் குழுமத்தில் ஓடும் பேச்சு. இரண்டு வாரமாக எல்லாருடைய மடல்களையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சொல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2025 பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் பிள்ளைகளுக்குக் காலைக் கூடைப்பந்தாட்டப் பயிற்சி. பத்தே முக்கால் இருக்கும். தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை ஒன்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. "சேர், லூக்காவ மாத்திட்டாங்க!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லூக்கா டொன்சிச் என்பவர் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத் தொடரின் நட்சத்திர ஆட்டக்காரர். நத்தார் (கிறிஸ்துமஸ்) நாள் ஆட்டத்தில் கெண்டைக்காலில் காயப்பட்டு அப்போது வெளியே இருந்தார். ஆடாத ஆளை எப்படி மாற்றுவார்கள்? மைதானத்தில் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தானே: "ஆள மாத்து", "அஞ்சாம் நம்பர மாத்து". ஒருவரை உட்கார வைத்து இன்னொருவரை இறக்குவது. பிள்ளை சொன்னதோ வேறு. டலஸ் மாவ்ரிக்ஸ் அணி லூக்காவை லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு அந்தனி டேவிஸையும் மெக்ஸ் கிறிஸ்டியையும் 2029ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவு ஒன்றையும் (அந்த ஆண்டு வரும் புது ஆட்டக்காரர்களில் ஒருவரை முதல் சுற்றில் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, ஆங்கிலத்தில் டிராஃப்ட் பிக்) வாங்கிக்கொண்டது. நடுவில் யூட்டா ஜாஸ் மூன்றாவது அணியாக நின்றது.

ஆகவே 'வீரர் மாற்றம்', 'ஆள்மாற்று' என்று எழுதிய நண்பர்களுக்கு என் முதல் பதில் இதுதான். அந்தச் சொல் ஏற்கெனவே மைதானத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரே விளையாட்டுக்குள் இரண்டு வேலையை அதன் தலையில் ஏற்றினால், அன்று நான் விழித்த மாதிரி எல்லாரும் விழிக்க வேண்டியதுதான்.

எங்கள் அறிவித்தல் பலகையில் வாரம் ஒரு பக்கம் விளையாட்டுச் செய்தி எழுதி ஒட்டுவது என் வழக்கம். அந்த வாரம் தலைப்பில் 'ட்ரேட்' என்றே எழுதிவிட்டேன். எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம் என்று எல்லாவற்றுக்கும் சொல் வைத்துப் புழங்கும் நாட்டில் இதற்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

இனி வந்த பரிந்துரைகள்.

'வர்த்தகம்' என்று செய்தித்தளங்கள் எழுதுகின்றன. அது அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து வைத்தது. வர்த்தகத்தில் விலை இருக்கும், வாங்குபவர் இருப்பார். இங்கே பணம் கொஞ்சம் சேர்ந்து போகலாம். ஆனால் கணக்கு சம்பளத்துக்குச் சம்பளம். அந்தப் பருவத்தில் லூக்காவின் சம்பளமும் டேவிஸின் சம்பளமும் ஆளுக்கு 4 கோடியே 30 இலட்சம் டொலர் அளவில் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. அது தற்செயல் இல்லை. சம்பள உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் அணி, தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஏற்ற அளவில்தான் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியும் என்பது என்.பி.ஏ. விதி. இதில் சந்தை விலை என்று ஒன்று இல்லை.

உதைபந்தாட்டத்தில் நடப்பதே வேறு. 2017இல் நெய்மாருக்காகப் பாரிஸ் கழகம் 22 கோடியே 20 இலட்சம் யூரோ கட்டியது. பார்சலோனாவுக்குக் காசு போனது, எதிர்ப்பக்கம் ஆட்டக்காரர் யாரும் வரவில்லை. நெய்மாரும் புதிய கழகத்தோடு தனியாகப் பேசி, சம்மதித்துப் போனார். அதற்கு 'இடமாற்றம்' பொருந்தும், அங்கேயே இருக்கட்டும்.

சென்னை நண்பர் 'பரிமாற்றம்' என்றார். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனதை உதாரணம் காட்டினார். பிழையான சொல் இல்லை. ஆனால் மிகவும் அகலமான சொல். தகவல் பரிமாற்றம், பண்பாட்டுப் பரிமாற்றம், மாணவர் பரிமாற்றம் எல்லாம் அதற்குள் அடங்கும். பரிமாற்றத்தில் போன மாணவர் ஒரு தவணை முடிந்ததும் வீடு திரும்புவார். லூக்கா திரும்ப மாட்டார். 'கைமாற்று'ம் சரிவராது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்காத குடும்பம் எங்கள் பக்கம் ஏது?

யாழ்ப்பாணத்து ஐயா எழுதிய 'ஒத்துமாறல்'தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. சொல் அழகானது, நம்முடையது, இலங்கை ஆசிரியர் எல்லாருக்கும் தெரிந்தது. தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் இடத்துக்கு ஒருவர் மாறிக்கொள்ளும் இடமாற்றத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

நானே ஒத்துமாறலில் ஹட்டனுக்கு வந்தவன். வெலிமடைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன், வீடு இங்கே. ஹட்டனில் வேலை பார்த்த டீச்சர் ஒருவருக்கு ஊர் பதுளை. தெரிந்தவர் ஒருவர் மூலம் இருவரும் தொடர்புகொண்டோம். பாடம் ஒன்றாக இருக்கிறதா, தரம் ஒன்றா என்று பார்த்தோம். அவருடைய கணவர் என்னிடம் வாடகை வீட்டைப் பற்றி விசாரித்தார். நான் அவரிடம் ஐந்தரை மணி பஸ் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டேன். கடைசியில் ஒரே படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தோம். அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவருடையது நீல மையில் இருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒத்துமாறல் என்றால் அந்த இரண்டு கையெழுத்து. மாறுகிறவர்கள் ஒத்துக்கொண்டதால் அது ஒத்துமாறல்.

லூக்காவிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. நடக்கப்போவதே அவருக்குத் தெரியாது. ஐயா மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அணிகள் இரண்டும் ஒத்துக்கொண்டனவே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். ஆனால் வாசிக்கிற ஆசிரியர் யாரும் அதை அணிகளோடு சேர்த்துப் படிக்கமாட்டார், ஆட்டக்காரரோடு சேர்த்துத்தான் படிப்பார்.

கொழும்பிலிருந்து எழுதிய தங்கை, "ஆளைக் கேட்டார்களா இல்லையா என்பதைக் கலைச்சொல் ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மலையகத்தில் இருந்து பார்த்தால் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

எங்கள் பூட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கே முன்பணம் வாங்கிப் பழைய கடனை அடைத்து, ஆட்களோடு மாறுவார். புதிய முன்பணம் ஆட்களின் பெயரில் புதிய கடனாக ஏறும். 'துண்டு' என்ற நம் சொல்லே அப்படியே ஆங்கிலேயரின் ஏடுகளிலும் ஏறியது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்த முறை ஒழிந்தது. அதன் பிறகும் 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எண்ணிக்கை பிரித்தார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) யாரையும் கேட்கவில்லை.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியோடு நான் ஒப்பிடவில்லை. அது பெரிய பிழையாகிவிடும். நான் சொல்வது சொல்லைப் பற்றி மட்டும். எங்கள் ஊரில் 'ஆள் விற்பனை', 'ஆள் வர்த்தகம்' என்று பலகையில் எழுதி ஒட்டினால் அது சும்மா கிடக்காது, எங்கேயோ போய்த் தைக்கும். ஆகவே ஆளைப் பண்டமாக்காத சொல் வேண்டும். அதே நேரம் ஆள் விரும்பித்தான் போனார் என்று பொய் சொல்லாத சொல்லும் வேண்டும்.

கைமாறுவது என்ன என்று கேட்டால் வழி பிறக்கும். ஆட்டக்காரர் கைமாறுவதில்லை, அவருடைய ஒப்பந்தம் கைமாறுகிறது. அதனால் முதலில் 'ஒப்பந்தமாற்று' என்று வைத்தேன். பண்டமாற்று என்ற பழைய சொல்லின் அச்சு அது. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய காலத்து முறை. கொடுத்து வாங்குவது என்ற பொருள் அதில் தானாகவே வருகிறது. பலகையில் 'ட்ரேட்' என்று இருந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டும்விட்டேன்.

நான்கு நாளில் அது உடைந்தது. உடைத்தது எங்கள் பிள்ளைகள்தான்.

பெப்ரவரி 6, வியாழன். பயிற்சி முடிந்தும் இரண்டு பேர் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்று லேக்கர்ஸ் இரசிகர், மற்றது பொஸ்டன் செல்டிக்ஸ் இரசிகர். பனி இறங்கி, எதிரே சிங்கமலை தெரியாமல் போய்விட்டது. மார்க் வில்லியம்ஸைச் சார்லட் ஹோர்னெட்ஸிடம் இருந்து எடுக்க லேக்கர்ஸ் இணங்கியதாக அன்று காலையில் செய்தி. கொடுப்பது டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ், 2031இன் முதற்சுற்றுத் தெரிவு, 2030இல் தெரிவு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை.

"டேவிஸ் போனப்புறம் கூடைக்குக் கீழ நிக்க ஆள் எங்க இருக்கு? இவரு ஏழடிக்கு மேல. லூக்கா தூக்கிப்போட்டா புடிச்சுப் போட்டுருவாரு," என்றது லேக்கர்ஸ் பிள்ளை.

"பாதி நாள் காயத்துல இருக்குறவருக்கு இவ்வளவா? கனெக்ட் முதல் வருசத்துலயே ஒரு மெட்ச்ல முப்பத்தேழு அடிச்சவரு. அவரையும் குடுத்து, 2031யும் குடுத்து..." இது பொஸ்டன் பிள்ளை.

"2031ல எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்ப யாரு பார்க்கப் போறா?"

"நாங்க பார்ப்போம். 2013ல நாங்க வாங்கி வச்சதுதான் 2024ல கப்பா வந்துச்சு."

பொஸ்டன் பிள்ளை சொன்னது சரி. 2013இல் கெவின் கார்னெட்டையும் போல் பியர்ஸையும் புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பி, வருங்காலத் தெரிவுகளைப் பொஸ்டன் வாங்கி வைத்தது. அவற்றின் வழியே 2016இல் ஜெய்லன் பிரவுனும் 2017இல் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024 கிண்ணத்தை வென்ற அணியின் இரண்டு தூண்கள் அவர்கள்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை, பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டது: "சேர், அந்த 2031 ஆளு இப்ப எங்க இருக்காரு?"

எங்கே இருக்கிறார்? 2031இல் பத்தொன்பது வயதில் தெரிவாகிறவர் என்றால் அன்று பதின்மூன்று வயதுப் பிள்ளை. எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில், கேட்ட பிள்ளையின் வயதில் இருந்திருப்பார். அவருக்கு ஒப்பந்தமும் கிடையாது, அணியும் கிடையாது. கொடுத்து வாங்கியது அவரையும் இல்லை. அந்த வருடம் அந்த இடத்தில் நின்று ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமையைத்தான். ஒப்பந்தமாற்று என்ற என் சொல்லுக்குள் அது வரவே வராது. யோசித்துப் பார்த்தால் கோபி பிரையன்ட்டும் வரமாட்டார். 1996இல் சார்லட் அவரைத் தெரிவுசெய்து, விளாடே டிவாட்ஸுக்கு ஈடாக லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது சார்லட்டின் கையில் இருந்தது அவர்மீதான உரிமை மட்டும்தான்.

ஆகவே என் பரிந்துரை: உரிமைமாற்று.

ஒப்பந்தமும் அணி வைத்திருக்கும் ஓர் உரிமை, வருங்காலத் தெரிவும் உரிமை. இரண்டும் ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன. 'டலஸ் – லேக்கர்ஸ் உரிமைமாற்று', 'மும்முனை உரிமைமாற்று', 'உரிமைமாற்று இறுதிநாள்' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. 'லூக்கா உரிமைமாற்றில் லேக்கர்ஸுக்குப் போனார்' என்று வசனமாகவும் வருகிறது. டிராஃப்ட் பிக் என்பதற்கு 'தெரிவுரிமை' என்றால் இரண்டும் ஒரு குடும்பமாகிவிடும்.

இன்னொன்றும் தானாகவே வந்து விழுந்தது. தன்னைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் ஆட்டக்காரர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள். பிரட்லி பீலுக்கு அது இருந்தது. 2023இல் அவர் சம்மதித்த பிறகுதான் வொஷிங்டன் அவரை ஃபீனிக்ஸுக்கு அனுப்ப முடிந்தது. லெப்ரோன் ஜேம்ஸும் 2024 ஒப்பந்தத்தில் அதை வாங்கினார். அதற்கு 'மறுப்புரிமை' என்று வைக்கலாம். உரிமைமாற்றில் பேசப்படுவது அணியின் உரிமை, மறுப்புரிமை ஆளின் உரிமை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சோடிதான் இந்தச் சொல்லுக்குப் பெரிய பலம்.

காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) 'உரிமை மாற்றம்' என்று வருகிறதே, குழம்பாதா என்று சிலர் கேட்கலாம். அங்கே மாற்றம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது. இங்கே மாற்று, கொடுத்து வாங்குவது. பண்டமாற்றைப் பண்ட மாற்றம் என்று யாரும் படிப்பதில்லை. சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். இதில் இலக்கணம் தெரிந்தவர்களின் கருத்து வேண்டும்.

வில்லியம்ஸ் விடயம் பிறகு நடக்கவில்லை. மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று இரண்டு மூன்று நாளில் லேக்கர்ஸ் அதை இரத்துச் செய்துவிட்டது. கனெக்ட் திரும்பி வந்து பழைய அணியிலேயே ஆடினார். அந்த வாரப் பலகையில் 'வில்லியம்ஸ் உரிமைமாற்று இரத்து' என்று எழுதி ஒட்டினேன். பொஸ்டன் பிள்ளை வாசித்துவிட்டு லேக்கர்ஸ் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டியது. இருவரும் சண்டையைத் தொடர்ந்தார்கள். சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இருவரில் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

2030க்கான அந்த வரிசை மாற்றத்துக்கு 'தெரிவுமாற்று' போதுமா, 'வரிசைமாற்று' நல்லதா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஐயாவும் தங்கையும் அதைப் பற்றி எழுதினால் நல்லது.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து