விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்? கேப்பர்னிக், சீனா, உலகக் கோப்பை

ஹூஸ்டன்வாசி:
நேராகவே சொல்லிவிடுகிறேன். தொழில்முறை ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் அரசியல் பேசக் கூடாது. வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், கட்சியில் சேரட்டும், தேர்தலில் நிற்கட்டும். ஆனால் சீருடை போட்டு நிற்கும் அந்த மூன்று மணி நேரம் டிக்கெட் வாங்கி வந்தவனுடையது. 2016 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர்மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்து, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்காமல் உட்கார்ந்தார், அப்புறம் மண்டியிட்டார். அதற்கு முன்னால் குடியரசுக் கட்சிக்காரனும் ஜனநாயகக் கட்சிக்காரனும் ஒரே அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திய இடம் அது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை. அதையும் இழந்துவிட்டோம்.

பனைமரக்காடு:
அண்ணே, மைதானத்தில் முதலில் அரசியல் செய்தது கேப்பர்னிக் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் மைதானம் முழுக்க விரிக்கும் கொடி, மேலே பறக்கும் போர் விமானம், ராணுவ வீரர் திடீரென்று வந்து குடும்பத்தைக் கட்டிப்பிடிக்கும் காட்சி, இதெல்லாம் என்ன? 2015இல் ஜான் மெக்கெயின், ஜெஃப் ஃப்ளேக் இரண்டு பேரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு பேரும் குடியரசுக் கட்சி செனட்டர்கள், அதுவும் மெக்கெயின் வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர். சில வருடங்களில் விளையாட்டு அணிகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்புத் துறை 68 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது என்று அதில் கணக்குக் காட்டினார்கள். ரசிகர்கள் அணியே மனமுவந்து செய்கிறது என்று நினைத்த மரியாதைகளில் சிலவற்றுக்கு வரிப்பணம் போயிருக்கிறது. மறுவருடம் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் 7 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. அரசாங்கம் காசு கொடுத்துச் செய்வித்தால் அது தேசபக்தி, ஒரு மனிதன் காசு வாங்காமல் மண்டியிட்டால் மட்டும் அரசியலா?

இன்னொன்று. உட்காருவதை விட்டு மண்டியிடச் சொன்னது நேட் பாயர். ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்து, பிறகு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். விழுந்துபோன சக வீரனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் மண்டியிடுவதைச் சொல்லி, அதுதான் மரியாதையான வழி என்று கேப்பர்னிக்குக்கு எடுத்துச் சொன்னவர் அவர். ராணுவத்தை அவமதித்தார் என்று இன்னமும் பேசுகிறவர்கள் இதை ஏன் சொல்வதே இல்லை?

ஹூஸ்டன்வாசி:
அந்தக் காசு விவகாரம் தவறுதான், அதை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறது தம்பி. உங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் முன்னால் நீங்கள் ஒரு போராட்டம் நடத்தினால் முதலாளி சும்மா இருப்பாரா? 1996இல் டென்வர் நகெட்ஸ் கூடைப்பந்து அணியின் மஹ்மூத் அப்துல் ரவூஃப் கீதத்துக்கு நிற்க மறுத்தபோது கூடைப்பந்து லீகான என்பிஏ அவரை இடைநீக்கம் செய்தது. விதி இருந்தது. கடைசியில் நின்றபடியே பிரார்த்தனை செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டு ஆட வந்தார். இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

பனைமரக்காடு:
விதி என்கிறீர்களே, என்எஃப்எல்லில் அப்போது விதியே கிடையாது. நிற்கும்படி ஊக்குவிக்கிறோம், கட்டாயமில்லை என்று 2016இல் லீகே அறிக்கை விட்டது. கட்டாயம் நிற்க வேண்டும், இல்லையென்றால் உடைமாற்றும் அறையில் இரு என்று அணி முதலாளிகள் விதி கொண்டுவந்தது 2018 மே மாதம். ஜூலையில் ஆட்டக்காரர் சங்கம் எதிர்த்ததும் அதையும் நிறுத்தி வைத்தார்கள். ஆக, எந்த விதியையும் மீறாத கேப்பர்னிக்குக்கு வேலை போயிருக்கிறது, 2017க்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அப்துல் ரவூஃப் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். அந்த சீசன் முடிந்ததும் அவரை டென்வர் வேறு அணிக்கு அனுப்பிவிட்டது, இரண்டு வருடத்தில் என்பிஏவில் அவருக்கு இடமில்லாமல் போனது. இதற்குப் பெயர் இரண்டு பக்கமும் இறங்கி வருவதா?

ஹூஸ்டன்வாசி:
கேப்பர்னிக்குக்கு வேலை போனது அரசியலால் மட்டும் என்று சொல்ல முடியாது. 2016 சீசனில் அந்த அணி 2 வெற்றி, 14 தோல்வி. அவர் தொடங்கிய 11 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்ததும் அவரேதான். கூடவே மண்டியிட்ட எரிக் ரீடுக்கு கரோலைனா பாந்தர்ஸ் வேலை கொடுத்ததே, அது எப்படி? இதெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பனைமரக்காடு:
அதே சீசனில் அவர் எறிந்து புள்ளி கிடைத்த டச்டவுன் 16, எதிரணி பிடித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 4. மோசமான அணியில் இது மோசமான கணக்கு இல்லை. ஒப்பந்தத்தை விடாமல் இருந்திருந்தாலும் அணி அவரைக் கழற்றிவிடத்தான் இருந்தது, அதைப் புது நிர்வாகமே பிறகு சொன்னது. 32 அணிகள், அணிக்கு இரண்டு மூன்று குவார்ட்டர்பேக். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போன ஒருவரை மாற்று ஆட்டக்காரராக வைத்துக்கொள்ளக் கூட ஓர் அணி இல்லையா? அணிகள் பேசிவைத்துக்கொண்டு தங்களை ஒதுக்கின என்று கேப்பர்னிக்கைப் போலவே ரீடும் கூட்டுச்சதி புகார் கொடுத்தவர்தான். சீசன் தொடங்கி சில வாரம் கழித்துத்தான், 2018 செப்டம்பர் கடைசியில், அவருக்கு அழைப்பு வந்தது. இருவர் புகாரையும் லீக் 2019 பிப்ரவரியில் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது, தொகையை வெளியே சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லாத வழக்குக்கு யாராவது பணம் கொடுப்பார்களா?

மூன்றாம்பிறை:
நீங்கள் இருவரும் ஆண்களின் ஆட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேப்பர்னிக்குக்கு முன்னால், 2016 ஜூலையிலேயே, மினசோட்டா லிங்ஸ் கூடைப்பந்து அணிப் பெண்கள் காவல்துறை சுட்டதில் இறந்தவர்களின் பெயர் போட்ட சட்டையோடு ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வந்தார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்த நான்கு போலீஸ்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதே மாதம் கறுப்புச் சட்டை போட்டு வந்த வேறு சில அணிகளுக்கு பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யுஎன்பிஏ அபராதம் போட்டது. அவர்கள் பேட்டியில் ஆட்டத்தைப் பற்றிய கேள்விக்கு பதில் சொல்ல மறுத்தார்கள், அபராதம் சில நாளில் ரத்தானது. சங்கமாக, ஒன்றாக நின்றதால்தான் ரத்தானது. கேப்பர்னிக் அளவுக்கு அவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

2020இல் நடந்தது அதைவிடப் பெரிது. அட்லாண்டா ட்ரீம் அணியின் இணை உரிமையாளர் கெல்லி லெஃப்லர். அவரே ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சி செனட்டர். கறுப்பினத்தவரின் உயிரும் முக்கியம் என்று போராடும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்தை லீக் ஆதரிக்கக் கூடாது என்று அவர் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய சொந்த அணிப் பெண்களே, எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று அச்சடித்த சட்டையோடு வந்தார்கள். அப்போது கருத்துக்கணிப்புகளில் வார்னாக் பின்னால் கிடந்தார். 2021 ஜனவரியில் ஜெயித்தார். அதே நாளில் ஜார்ஜியாவின் இன்னோர் இடமும் ஜனநாயகக் கட்சிக்குப் போனதால் செனட்டே கை மாறியது. அடுத்த மாதம் அணி விற்கப்பட்டது, வாங்கிய குழுவில் அந்த அணியின் முன்னாள் ஆட்டக்காரர் ரெனே மான்ட்கோமரி இருந்தார். ஹூஸ்டன்வாசி அண்ணா, முதலாளி செனட்டராக உட்கார்ந்துகொண்டு அரசியல் செய்யலாம், அவரிடம் சம்பளம் வாங்கும் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்பது எந்த நியாயம்? அதுவும் அந்தப் பெண்கள் வாங்கிய சம்பளம் என்பிஏ ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு சின்னது.

ஹூஸ்டன்வாசி:
லெஃப்லர் விஷயத்தில் உங்கள் கோபம் சரி. பதவிக்கு வந்தவர் அணியை விட்டு விலகியிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்று சொல்கிறேன். நான் ஹூஸ்டனின் என்பிஏ அணியான ராக்கெட்ஸின் ரசிகன். சீன ஆட்டக்காரர் யாவ் மிங் ஆடிய காலத்திலிருந்து சீனாவில் அதிகம் பேர் நேசித்த அணி எங்களுடையது. 2019 அக்டோபரில் எங்கள் பொது மேலாளர் டேரில் மோரி, ஜனநாயகம் கேட்டுப் போராடிய ஹாங்காங் மக்களோடு நில்லுங்கள் என்று ஒரே ஒரு படத்தை ட்வீட் செய்தார். சிறிது நேரத்தில் அழித்தும்விட்டார். சீன அரசுத் தொலைக்காட்சி என்பிஏ ஆட்டங்களை நிறுத்தியது. லீகின் முதல் அறிக்கையே வருத்தம் தெரிவிக்கும் தொனியில் வந்தது. போலீஸ் அராஜகத்துக்கு எதிராக முன்னால் நின்ற என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ், மோரிக்கு விவரம் போதவில்லை என்றார். பிலடெல்பியாவில் சீன அணியோடு நடந்த ஆட்டத்தில் ஹாங்காங் ஆதரவுப் பலகை பிடித்த ரசிகர்களை வெளியே அனுப்பினார்கள். அமெரிக்காவில், பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊரில்! மறுவருடம் ஆர்லாண்டோவில் இதே லீக் ஆடுகளத்தின் மேலேயே பிளாக் லைவ்ஸ் மேட்டர் என்று எழுதியது. எது விற்குமோ அதைப் பேசு, எது நட்டமோ அதில் வாயை மூடு. 2021இல் பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டக்காரர் எனெஸ் கான்டர் திபெத்தைப் பற்றிப் பேசியதும் சீனாவில் செல்டிக்ஸ் ஆட்டங்கள் காணாமல் போயின. 2022 பிப்ரவரியில் அவரை எங்கள் அணிக்கு மாற்றினார்கள், எங்கள் அணி உடனே விடுவித்தது. 2025 அக்டோபரில் என்பிஏ சீனாவின் மக்காவ் நகருக்குப் போய் மறுபடி ஆடியது. சீனா ஒடுக்கும் உய்குர் முஸ்லிம்களைப் பற்றி யாராவது அங்கே ஒரு வார்த்தை பேசினார்களா? இதைப் பார்த்த பிறகு இவர்களின் எந்த நீதிப் பேச்சையும் என்னால் நம்ப முடியவில்லை.

பனைமரக்காடு:
இதில் முக்கால்வாசி எனக்கும் உடன்பாடு. லெப்ரான் அன்று பேசியதை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மோரிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அவரை நீக்கச் சொல்லி சீன அரசு கேட்டது என்றார் ஆணையர் ஆடம் சில்வர். சீனா அதை மறுத்தது. எப்படியோ, மோரியை நீக்கவில்லை. 2020 அக்டோபரில் அவராக ஹூஸ்டனை விட்டார், நவம்பரில் பிலடெல்பியா 76அர்ஸ் அவரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. லீகுக்குப் பல கோடி டாலர் நட்டம் வந்த விவகாரத்தின் நடுவில் இருந்த நிர்வாகிக்கு ஒரு மாதத்தில் அடுத்த வேலை. மண்டியிட்ட ஆட்டக்காரருக்கு ஒரு வேலையும் இல்லை. உங்கள் கோபம் முழுவதும் நியாயம், ஆனால் அது போய்ச் சேர வேண்டிய முகவரி ஆட்டக்காரன் இல்லை, லீகும் முதலாளிகளும்தான். 2017இல் டிரம்பின் பதவியேற்பு விழாவுக்கு என்எஃப்எல் முதலாளிகள் பலர் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் டிரம்ப் அலபாமாவில் மேடையேறி, மண்டியிடுகிறவனை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று கெட்ட வார்த்தையோடு சொன்னார். ஒரு ஜனாதிபதி தனியார் ஊழியனின் வேலையைப் பறிக்கச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்து மைதானத்தில் நடந்த ஆகப் பெரிய அரசியல். அடுத்த ஞாயிறு மண்டியிட்டும் உட்கார்ந்தும் எதிர்ப்புக் காட்டியவர்கள் இருநூறுக்கும் மேல்.

சிகாகோ பெரியவர்:
நான் வயதில் மூத்தவன், கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள். 1967 ஏப்ரலில் இதே ஹூஸ்டனில்தான் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் போனது, உரிமம் போனது, உச்சத்தில் இருந்த மூன்றரை வருடம் போனது. 1971இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் அந்த வருடங்களைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை. இன்று அவரைப் புகழாத அரசியல்வாதி கிடையாது. என் அளவுகோல் எளிது: விலையைத் தானே கொடுப்பவன் பேசட்டும். அலி கொடுத்தார், கேப்பர்னிக் கொடுத்தார், கான்டரும் கொடுத்தார், அவர் கருத்து உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ. அரசும் சங்கமும் பேசும்போதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் அங்கே பேசுவது ஒருவர், விலை கொடுப்பது இன்னொருவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை கார்ட்டர் புறக்கணிக்கச் சொன்னார். சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற 1989 ஆனது. ஆனால் நான்கு வருடம் பயிற்சி செய்த எத்தனையோ அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஒலிம்பிக் வாய்க்கவே இல்லை.

இப்போது கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவைப் பாருங்கள். உக்ரைன்மீது படையெடுத்த நான்கு நாள் கழித்து ரஷ்யாவை இடைநீக்கம் செய்தார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 2025 டிசம்பரில் வாஷிங்டனில் உலகக் கோப்பைக் குலுக்கல் மேடையில், புதிதாக உண்டாக்கிய ஓர் அமைதிப் பரிசை ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ டிரம்புக்குக் கொடுத்தார். அதே வருடம் ஜூனில் டிரம்ப் போட்ட பயணத் தடையில் இரானும் ஹெய்ட்டியும் இருந்தன. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு, ரசிகர்களுக்குக் கிடையாது. 1974க்குப் பிறகு முதல் தடவையாக ஹெய்ட்டி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, ஆனால் அந்த மக்களுக்கு வந்து பார்க்க வழி அடைபட்டது. அரசியல் வேண்டாம் என்கிற ஹூஸ்டன்வாசி இதைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
எதிர்க்கிறேன் பெரியவரே, தயங்காமல். அந்தப் பரிசு வெட்கக்கேடு. 2025 ஜூலையில் வாஷிங்டனின் என்எஃப்எல் அணி, அமெரிக்கப் பழங்குடியினரை இழிவுபடுத்துவதாக விமர்சிக்கப்பட்டுக் கைவிட்ட ரெட்ஸ்கின்ஸ் என்ற பழைய பெயருக்குத் திரும்பாவிட்டால் புது மைதானத்துக்கு முட்டுக்கட்டை போடுவேன் என்று டிரம்ப் மிரட்டியதும் அப்படித்தான். நான் அவருக்கு வாக்களித்தவன், இதில் அவர் செய்தது தவறு. என் யோசனை இது. லீக் ஆட்டங்களில் தேசிய கீதத்தையே நிறுத்திவிடுங்கள். நாடுகள் மோதும் ஆட்டத்தில் பாடுங்கள், டல்லஸும் டென்வரும் மோதும்போது எதற்கு? கீதம் இல்லையென்றால் நிற்பதும் இல்லை, மண்டியிடுவதும் இல்லை.

பனைமரக்காடு:
உங்கள் மாநிலத்திலேயே அதைச் செய்து பார்த்தார்கள் அண்ணே. 2020-21 சீசனில் டல்லஸ் மேவரிக்ஸ் கீதத்தை நிறுத்தியது, அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் முடிவு அது. பதின்மூன்று ஆட்டம் வரை பெரிதாக யாரும் கவனிக்கவே இல்லை. பிப்ரவரியில் செய்தி வெளியானதும் என்பிஏ எல்லா அணிகளும் இசைத்தே ஆக வேண்டும் என்றது. அதோடு விட்டார்களா? அரசிடம் பணம் வாங்கும் அணிகள் கீதத்தை இசைக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டசபை சட்டமே போட்டது, அந்த ஜூனில் ஆளுநர் அபாட் கையெழுத்திட்டார். அப்படிப் பணம் வாங்கும் அணிக்கு உங்கள் யோசனை டெக்சாஸில் சட்டத்துக்கு எதிரானது. இந்தச் சட்டத்தை எந்த ஆட்டக்காரர் கேட்டார்?

ஹூஸ்டன்வாசி:
பதின்மூன்று ஆட்டம் யாரும் கவனிக்காததற்குக் காரணம் கோவிட், அரங்கமே காலியாகத்தான் இருந்தது. அதை வைத்து ரசிகர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்தச் சட்டம் தப்புதான். எங்கள் தொகுதி சட்டசபை உறுப்பினருக்கு இந்த வாரமே எழுதப் போகிறேன், அவர் எங்கள் கட்சிக்காரர் என்பதால் இன்னும் அழுத்தியே எழுதுவேன். மைதானத்தில் மண்டியிடுவதைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

மூன்றாம்பிறை:
அந்தக் கடிதத்தை இங்கேயும் போடுங்கள் அண்ணா. டல்லஸில் இருக்கும் நானும் எங்கள் உறுப்பினருக்கு அனுப்புகிறேன், அவர் எதிர்க்கட்சி.