சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இறந்த நேரக் கணக்கு ஒன்றா?

அம்மாபேட்டை_சட்டம்:
பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்" என்று அகலமாகவே போடுகிறார்கள். உடல் சூடு மணிக்கு 1.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்கிறது பாடம். கழித்துப் பார்த்தால் நேரம் வந்துவிடாதா? ஏற்காட்டில் கிடைத்த உடலுக்கும் அதே கணக்கா?

தடயம்_சேலம்:
வராது. அந்த 1.5 குளிர் நாட்டுக் கணக்கு. சுற்றியுள்ள காற்றைவிட உடல் சூடாக இருந்தால்தான் சூடு வெளியேறும். சித்திரை மதியம் சேலத்தில் தகரக் கூரைக்குள் 38 டிகிரி செல்சியஸ் தாண்டும், உடல் 37. அங்கே உடல் ஆறாது, சூடு ஏறவும் செய்யும். கழித்தால் 'இப்போதுதான் இறந்தார்' என்று வரும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், இரவில் குளிர்ந்துவிடும். அங்கே இந்த முறை ஓரளவு உதவும். ஆனாலும் முதல் அரை மணி, ஒரு மணி சூடு இறங்காமலே நிற்கும். கம்பளி, பருமன், ஈரத்துணி, சிமெண்டுத் தரை, எல்லாமே வேகத்தை மாற்றும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, 35க்குக் கீழே காட்டாது. 0–50 டிகிரி ஆய்வகத் தெர்மாமீட்டரை மலக்குடலில் 8–10 செ.மீ. செலுத்தி, அளவு நிலைத்ததும் குறிக்க வேண்டும். பாலியல் குற்றச் சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் எடுக்கும் மாதிரி), பிறகுதான் இது. அதே நிமிடம் அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். அது இல்லாமல் உடல் வெப்பத்துக்கு அர்த்தமே இல்லை.

சவக்கிடங்கு_குறிப்பு:
இறந்தபின் உடலில் வரும் விறைப்பையும் சேர்த்துப் பாருங்கள். கண் இமை, தாடை, கழுத்து என்று தொடங்கிக் கை, கால் வரை இறங்கும். நம்மூரில் 1–2 மணியில் ஆரம்பித்துச் சுமார் 12 மணியில் முழுசாகும். கோடையில் சீக்கிரம் தளரும். தாடை தளர்ந்து கால் மட்டும் விறைத்திருந்தால் விறைப்பு விலகும் கட்டம். உடலைத் தூக்கும்போது முழங்கையை மடக்கிவிட்டால் முழுசாக வந்த விறைப்பு அங்கே திரும்பாது, பார்ப்பவர் ஏமாறுவார். வலிப்பு வந்தோ ஓடிக் களைத்தோ இறந்தவருக்கு விறைப்பு முந்திக்கொள்ளும்.

இறந்தபின் உடலின் கீழ்ப்பக்கத்தில் ரத்தம் தேங்கிய கருஞ்சிவப்புப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளுத்தால் இன்னும் நிலைக்கவில்லை. பெரும்பாலும் 6–12 மணியில் நிலைத்துவிடும். குப்புறக் கிடக்கும் உடலில் முதுகில் நிறம் நிலைத்திருந்தால், யாரோ பின்னர் புரட்டியிருக்கிறார்கள்.

அழுகலின் பச்சை நிறம் அடிவயிற்றின் வலப்பக்கம் முதலில் தெரியும்: கோடையில் 12–18 மணி, குளிரில் 1–2 நாள்.

அம்மாபேட்டை_சட்டம்:
வீட்டார் ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டால்?

தடயம்_சேலம்:
பெட்டிக்குள் வைத்த நேரத்தை வாடகைக்குக் கொடுத்தவரிடமும் கேட்டு எழுதுங்கள். வெப்பக் கணக்கு அதோடு போயிற்று; விறைப்பும் அழுகலும் மெதுவாகிவிடும். இரைப்பையில் உள்ள உணவு, கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் பொட்டாசியம், கடைசியாக உயிரோடு பார்த்தவர், கடைசி போன் அழைப்பு இவற்றை வைத்துத்தான் வரம்பைச் சுருக்க முடியும். புழு இருந்தால் அதன் வளர்ச்சியை வைத்தும் நேரம் கணிக்கலாம்: பெரியவற்றில் பாதியைக் கொதிநீரில் முக்கி ஆல்கஹாலில் போடுங்கள், மீதியை உயிரோடு அனுப்புங்கள். மலைக்குளிரில் புழு மெதுவாக வளரும் என்பதால், உடல் கிடந்த இடத்தின் வெப்பமும் கூடவே போக வேண்டும்.