மறுமொழி: போலிங் ஆடுபவர் மணிக்கட்டில் போட்டுக்கொள்வதற்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மணிக்கட்டுக் காப்பு, கைக்கவசம், கோதை, மணிக்கட்டுப் பட்டை, கையுறை. எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பொருளுக்குப் பெயராக முன்வைத்திருக்கிறோம். கடைக்குப் போனால் இவை வெவ்வேறு பொருள்கள், ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. காரைக்குடியில் இயன்முறை சிகிச்சை பார்ப்பவன் நான். வலிக்கும் கையில் தவறான சாமானைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதனால் ஒரு சொல் தேடுவதை விட்டுவிட்டு, எத்தனை பொருள் இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

> பந்துவீச்சு மணிக்கட்டுப் பட்டை என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். பந்துவீச்சு கிரிக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பெயரில் ஒரு பட்டையைக் கேட்டால் வேகப்பந்து வீச்சாளருக்கு உரியதைத்தான் கொடுப்பார்கள். நாம் பேசுவது பத்து கட்டைகளை 60 அடி தூரத்தில் நிறுத்திவைத்துப் பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டம். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே அது முதன்முதலாக இடம்பெற்றது. செட்டிநாட்டு வீடுகளில் மலேசியா, சிங்கப்பூரோடு தொடர்புடைய பிள்ளைகளுக்கு இது பழகிய ஆட்டம், அவர்கள் போலிங் என்றுதான் சொல்கிறார்கள். டென்னிஸ், கேரம்போல இதுவும் போலிங்காகவே இருக்கட்டும். ஆட்டத்தின் பெயருக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கையில் போடும் சாமான்களுக்குத்தான் பெயர் அவசரம்.

கையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் பெயர் ஓரளவு தானே வந்துவிடும். பந்தில் மூன்று துளை. பெருவிரல் ஒன்றில், நடுவிரலும் மோதிர விரலும் மற்ற இரண்டில். பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல். கை பின்னால் போய்விட்டுக் கீழே இறங்கும்போது அந்த எடை முழுவதும் விரல்களை இழுக்கிறது, மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடியப் பார்க்கிறது. பந்தை விடும் கணத்தில் பெருவிரல் முதலில் கழல்கிறது. அப்புறம் மற்ற இரண்டு விரலும் பந்தைச் சுழற்றிவிடுகின்றன. மணிக்கட்டு நேராகவோ கொஞ்சம் உள்வளைந்தோ நின்றால் சுழற்சி நன்றாக ஏறும். பின்னால் மடிந்துவிட்டால் சுழற்சியும் போச்சு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் இழுப்பு.

இந்த மடிப்பைத் தடுப்பதற்குத்தான் தகடு வைத்த சாமான். நான் கையில் வாங்கிப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புறங்கை மேல் ஒரு அலுமினியத் தகடு, அதிலிருந்து முன்கைக்கு நீளும் இன்னொரு தகடு, இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டுக்கு நேராக ஒரு திருகு. திருகைத் திருப்பினால் உள்வளைவு கூடும், குறையும். சுற்றிலும் வெல்க்ரோ வார்கள். விரல்கள் ஐந்தும் வெளியே. போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டால், பந்தின் இழுப்பில் ஒரு பங்கு தகடு வழியாக முன்கைக்குப் போய்விடுவது தெரிகிறது.

இப்போது பள்ளத்தூர் ஆச்சி எழுதியதற்கு வருகிறேன்.

> காப்பு என்பது கையில் அணிவது, காப்பதும் அதுவே. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது ஆச்சி, அதோடு மணிக்கட்டில் வளையலாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சொல்லும்கூட. ஆனால் காப்பு என்றால் வெளியிலிருந்து வரும் ஒன்றைத் தடுப்பது. ஹாக்கி ஆடுபவர் காலில் கட்டுவது காப்பு, அங்கே பந்து வந்து அடிக்கிறது. போலிங்கில் வெளியிலிருந்து எதுவும் வந்து அடிப்பதில்லை, தன் கையில் இருக்கும் எடையே இழுக்கிறது. காப்பு என்று பெயர் வைத்தால் இதைப் போட்டவர் கைக்கு எதுவும் ஆகாது என்று வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அந்த நம்பிக்கையில் கனமான பந்தைத் தூக்குவார்கள். கைக்கவசத்துக்கும் இதே தடைதான்.

தேவகோட்டை ஐயா கோதையை எடுத்துக்கொடுத்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. 1939-இலிருந்து கம்பன் கழகம் நடக்கும் ஊரின் பக்கத்திலிருந்து அந்தச் சொல் வந்தது பொருத்தம். வில்வீரர் கட்டிக்கொண்ட தோல்கட்டு கோதை, விரலில் மாட்டிக்கொண்ட உறை புட்டில். ஆனால் ஐயா, இந்தப் பக்கம் கோதை என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். பொருளிலும் அது வில்லின் நாண் வந்து அடிப்பதற்குத் தடுப்பு, காப்பின் இனம். புட்டிலை மட்டும் நான் விடமாட்டேன். பெருவிரலில் மாட்டிக்கொண்டு துளைக்குள் நுழைக்கும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது, துளை விளிம்பு உரசாமல் இருக்க. அதற்குப் பெருவிரல் புட்டில் என்று வைத்தால் சொல்லும் பிழைக்கும், பொருளும் விளங்கும்.

நான் முன்வைப்பது மணிக்கட்டுத் தாங்கி. இன்றும் நம் சாலையோரம் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. தலைச்சுமையைத் தானே வாங்கிக்கொண்டு ஆளை நிமிரவிடும். இந்தத் தகடும் அப்படித்தான், மணிக்கட்டின் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. எந்திரவியலில் தாங்கி என்றால் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங் என்று யாராவது எழுதுவீர்கள். முன்னால் மணிக்கட்டு நிற்கும்போது யாருக்கும் சக்கரம் நினைவுக்கு வராது.

தாங்கி விளையாட்டுக்கு மட்டும். மருத்துவத்துக்கு வேறு சொல் வேண்டும், இதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் கையில் எது வலித்தாலும் 'நரம்பு இழுக்குது' என்பார்கள். தசைநாணும் நரம்புதான், நரம்பும் நரம்புதான். வலி எங்கே, எப்படி என்று கேட்டால்தான் பிரியும். பெருவிரல் பக்கம் மணிக்கட்டின் ஓரத்தில் வலிக்கிறதா? பெருவிரலை உள்ளே வைத்து முட்டியை மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அந்த ஓரத்தில் சுரீர் என்றால் பெருவிரல் தசைநாண்கள் போகும் உறை தடித்திருக்கலாம். 1895-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வெய்ன் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்கும் கோளாறு அது. போலிங் ஆடுபவருக்கு வரும், கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்கும் தாய்மாருக்கும் வரும். இதற்குப் பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் கட்டு வேண்டும். ஐந்து விரலையும் வெளியே விடும் தாங்கியை மாட்டினால் மணிக்கட்டு நிற்கும், பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கும், வலி அப்படியே இருக்கும். மலேசியாவின் ஈப்போவிலிருந்து கானாடுகாத்தான் கல்யாணத்துக்கு வந்த ஒரு பெண் இந்த வலியோடு வந்தாள். விலை உயர்ந்த தாங்கியைப் போட்டிருந்தாள், பிடிக்க வேண்டிய விரல் வெளியே இருந்தது. அதற்கு முன் ஒரு மருந்துக் கடையில் 'மணிக்கட்டு பெல்ட்' கேட்டு வாங்கிய எலாஸ்டிக் பட்டையும் பையில் இருந்தது. இரண்டையும் ஒரே பெயர் சொல்லித்தான் வாங்கியிருக்கிறாள்.

இந்த மருத்துவக் கட்டுக்குத் தப்பை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது நமக்குத் தெரியும். அசையாமல் நிறுத்துவது அதன் வேலை. மணிக்கட்டை மட்டும் நிறுத்துவது மணிக்கட்டுத் தப்பை, பெருவிரலையும் பிடிப்பது பெருவிரல் தப்பை. தப்பை என்றாலே முறிவுதான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த நினைவு வருவது நல்லதுதான் என்பேன். தப்பை போட்ட கையோடு யாரும் ஆடப் போகமாட்டார்கள்.

பெருவிரலின் உட்பக்கம் மரத்துப் போகிறது, தொட்டால் மின்சாரம்போல் ஓடுகிறது என்றால் அது உண்மையிலேயே நரம்பு. துளையின் விளிம்பு அங்கே திரும்பத் திரும்ப அழுத்துவதால் வருவது. எந்தத் தாங்கியும் இதற்கு ஆகாது. ஆட்டத்தை நிறுத்தி, துளையின் அளவையும் விளிம்பையும் சரிசெய்ய வேண்டும், புட்டில் உதவலாம். ராத்திரியில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் அது மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். இறுக்கிக் கட்டிய பட்டை அதை மோசமாக்கும். மருத்துவரிடம் போவதுதான் வழி.

மிச்சம் இரண்டு. துணியாலோ எலாஸ்டிக்காலோ ஆனது மணிக்கட்டுப் பட்டை. கதகதப்பும் லேசான அழுத்தமும் தரும், மடிப்பைத் தடுக்காது. கையுறை என்ற சொல் குளிருக்கும் அறுவை அரங்குக்கும் ஏற்கெனவே பொது. போலிங் ஆடுபவர் போடுவது விரல் நுனி திறந்த, உள்ளங்கையில் சொரசொரப்பும் மெத்தையும் வைத்த உறை. வேர்வையில் பந்து வழுக்காமல், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது அதன் வேலை. பிடி தளர்வாக இருப்பதால் விரலை இறுக்கி இறுக்கி வலி வாங்கியவருக்கு அது நல்லது. ஆகவே பிடியுறை.

ஈப்போ தம்பி எதை வாங்குவது என்று நேரடியாகவே கேட்டிருந்தார். தம்பி, வாங்குவதற்கு முன் பந்தைப் பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு, வலி இருந்தால் அதற்கும் கீழே இறங்குங்கள். மால்களில் கிடைக்கும் பொதுப் பந்தின் துளைகள் யாருடைய விரலுக்கும் அளந்தவை அல்ல. பெருவிரலைத் துளையில் முழுக்க விட்டு, மற்ற விரல்களைத் துளைகளின் மேல் விரித்து வையுங்கள். நடுவிரல், மோதிர விரலின் இரண்டாம் கணு ரேகை, துளையின் உள்விளிம்பை, அதாவது பெருவிரல் துளைப் பக்கத்து விளிம்பை, தாண்டிக் கால் அங்குலம் அளவில் விழ வேண்டும். ரேகை விளிம்புவரைகூட எட்டவில்லை என்றால் பெருவிரல் துளைக்கும் மற்றத் துளைகளுக்கும் நடுவே உள்ள தூரம் உங்கள் கைக்கு அதிகம், ஒவ்வொரு உருட்டலிலும் கை இழுபடும். அதன் மேல் எந்தத் தாங்கியைப் போட்டும் பயனில்லை.

பந்து சரி, ஆனாலும் மணிக்கட்டு பின்னால் மடிகிறது என்றால் தாங்கி வாங்கலாம். மணிக்கட்டு எலும்புக்குச் சற்றுக் கீழே டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். இடக்கையா வலக்கையா என்று சொல்லி வாங்குங்கள், மாற்றி மாட்ட முடியாதவை உண்டு. தகடு முன்கையில் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு உறுதி, ஆனால் கனமும் கூடும். மாட்டிய பிறகு வாருக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். நகம் நீலம் பாய்ந்தாலோ விரல் மரத்தாலோ உடனே தளர்த்துங்கள். கடையிலேயே ஒரு பந்தைத் தூக்கிப் பார்ப்பது ரொம்ப முக்கியம், தகட்டின் ஓரம் பெருவிரலின் அடியில் இடித்தால் அது உங்களுக்கு உரியது இல்லை. உள்வளைவைத் தொடக்கத்திலேயே கூட்டி வைக்காதீர்கள். நேராக வைத்து ஆடிப் பழகி, அப்புறம் திருகைத் தொடலாம். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

வலி ஓய்வெடுத்தும் குறையாவிட்டால், வீக்கமோ மரப்போ இருந்தால் கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆக நான் கேட்பது: மணிக்கட்டுத் தாங்கி, மணிக்கட்டுத் தப்பை, பெருவிரல் தப்பை, மணிக்கட்டுப் பட்டை, பிடியுறை, பெருவிரல் புட்டில். ஆறும் குழும அகராதியில் தனித்தனிப் பதிவாகப் போகட்டும், ஒன்றின் கீழ் மற்றதைக் 'காண்க' என்று போட வேண்டாம். எங்கள் சிகிச்சைக்கூடத்தில் கொடுக்கும் கைப்பிரதியை மறுபடி அச்சுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், குறிப்பாகத் தப்பையைப் பற்றி எலும்பு மருத்துவம் படித்தவர்கள்.

இன்னொன்று பாக்கி. பெருவிரல் துளைக்கும் மற்ற இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்குச் சொல் இல்லை. சாண் என்றால் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஆகிவிடும். பிடியகலம் என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். தேவகோட்டை ஐயாவிடம் இதைவிட நல்லது இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து