கார் விற்ற பதினோராம் நாள் வந்த போன்

உறையூர்வாசி:

என்னுடைய 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக்கைப் போன மாசி மாதம் விற்றேன். பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் பேசவே மாட்டேன் என்றார்கள். சரி, நாமே ஆன்லைனில் போடுவோம் என்று கழுவித் துடைத்து பத்து போட்டோ எடுத்துப் போட்டேன். முதல் இரண்டு நாளும் "லாஸ்ட் ரேட் என்ன" என்று கேட்டவர்கள்தான். மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் இருந்து ஒருவர் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். மைத்துனர் போனட்டைத் திறந்து, தெரிந்தவர் மாதிரி இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். காவேரிப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து போட்டு ஆர்.சி.யோடு கொடுத்தேன். டெலிவரி நோட்டில் தேதி, நேரம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். "ஒரே வாரத்துல பேரு மாத்திடுறேன் சார்" என்றார்.

பதினோராம் நாள் இரவு ஒன்பது மணிக்குப் போன். "சார், நீங்க வித்த வண்டி நடு மலையில நின்னுடுச்சு. பொண்டாட்டி புள்ளையோட ரோட்டுல நிக்கிறேன்."

குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பியிருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது டம் டம் பாறை பக்கத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வண்டியில் ஐந்து பேர், ஏ.சி. ஓடுகிறது. இன்னும் மேலே இருக்கும் பெருமாள்மலை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஓட்டியிருக்கிறார். மறுநாள் பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 38,000 ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை நான் தர வேண்டுமாம். தராவிட்டால் வண்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு முழுப் பணத்தையும் கேட்பாராம்.

விற்றது விற்றதுதான், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று சொல்லிவிடலாம். சட்டம் என் பக்கம் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. விற்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் இரண்டு முறை கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைந்து ஊற்றினேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுனுக்குள் ஓட்டியவரை முள் ஏறியதே இல்லை. அவர் "எதாவது செலவு இருக்கா சார்" என்று கேட்டபோது, "முன் டயர் ரெண்டும் மாத்தணும்" என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. முழுசாகவும் சொல்லவில்லை. இங்கே இந்த மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எப்படி முடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கோவை மெக்கானிக்:

கூலன்ட் சீல் வைத்த சுற்றுக்குள் ஓடுவது. தானாகக் குறையாது. வருடத்துக்கு இரண்டு தரம் ஊற்ற வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்: ஓஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், மூடி. டவுனில் தெரியாது. மலையில் இரண்டாம் கியரில், ஏ.சி. போட்டு, ஐந்து பேரை ஏற்றி இழுக்கும்போதுதான் தெரியும். அதனால் கசிவு உங்கள் காலத்தது.

ஆனால் ஹெட் கேஸ்கெட் போனது அதனால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். முள் சிவப்பைத் தொட்டதும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்திருந்தால் ஒரு ஓஸும் ஐந்து லிட்டர் கூலன்ட்டும்தான் செலவு. நிறுத்த இடமில்லை என்றால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து விட்டு, மெதுவாக அடுத்த வளைவு வரை போகலாம். அவர் பெருமாள்மலை வரை ஓட்டியிருக்கிறார். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் கொடுத்து, அதாவது சீவி மட்டமாக்கி, போட வேண்டியதாகும். பில் 38,000 ஆனது அங்கேதான்.

இன்னொன்று, அந்த மைத்துனர் தட்டிப் பார்த்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வந்து ரிசர்வ் டேங்கின் அளவைப் பார்த்து, ஆயில் மூடியைத் திறந்து உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். யாராவது வண்டி பார்க்க வருகிறார்கள் என்றால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்துவிடுவார். போனட்டில் கை வைத்து, சூடாக இருந்தால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வாருங்கள்.

வேளச்சேரிக்காரர்:

நான் மறுபக்கம், வாங்கி ஏமாந்தவன். 2024 ஆனி மாதம் ஒரு செடான் வாங்கினேன். "ஃபர்ஸ்ட் ஓனர், அபார்ட்மென்ட் பார்க்கிங்" என்று போட்டிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது பளிங்கு மாதிரி இருந்தது. நாலு மாதத்தில் பின் கண்ணாடி இறங்கவில்லை. அப்புறம் பிரேக்குக்கான ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் சில காலைகளில் கல் மாதிரி இருந்தது. எலக்ட்ரீஷியன் சீட்டைக் கழற்றி தரைவிரிப்பைத் தூக்கினார். வயரிங் கப்ளர் எல்லாம் பச்சை பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார், அதில் கோடு போட்ட மாதிரி சேற்று நிறம். எங்கள் ஏரியாவில் 2015 டிசம்பரிலும் தண்ணீர் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாமிலும் வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

பதிவு எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டைக் கேட்டேன். 2023 டிசம்பரில் உள்ளே தண்ணீர் புகுந்ததற்கு வேலை பார்த்ததாகவே பதிவாகியிருந்தது. இதை வாங்கும் முன்னால் கேட்டிருக்கலாம், அரை மணி நேர வேலை. விற்றவருக்குப் போன் செய்தேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார். அடுத்த அழைப்பில் இருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். உறையூர்வாசி போனையாவது எடுக்கிறார், அதுவே பெரிய விஷயம்.

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா:

"கேக்கலையே சார்" என்ற அந்த வார்த்தைக்கு 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே ஒரு குதிரைக் கதை இருக்கிறது. 17-ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று சொல்லிவிட்டு உதாரணம் கொடுக்கிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை: மோசடி இல்லை. வாங்குபவர் அவருடைய மகள், அப்போதுதான் வயது வந்தவள் என்றால்: சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார், விற்பவர் அதற்கும் சும்மா இருக்கிறார்: அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஆகவே, வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பட்டும்: "வண்டி வெள்ளத்தில் மாட்டியதில்லை, பெரிய விபத்து இல்லை, இன்ஜின் சூடானதில்லை என்று நம்பி வாங்குகிறேன், தவறு என்றால் சொல்லவும்." நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் உங்கள் கையில் அந்தக் குதிரை இருக்கிறது. வேளச்சேரிக்காரர் விஷயத்தில், சேற்றை மறைப்பதற்கென்றே வேலை செய்து விற்றார்கள் என்று காட்ட முடிந்தால் அது சும்மா இருந்த கணக்கில் வராது, தெரிந்தே மறைத்த கணக்கில் வரும். வெறும் மௌனம்தான் என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த்தரப்பு 19-ஆம் பிரிவைக் காட்டும். நுகர்வோர் ஆணையம் வியாபாரமாக விற்பவர்களுக்கானது. சொந்தக் காரை ஒரு தடவை விற்றவர் மேல் அங்கே போவது பொதுவாக நிற்காது, சிவில் வழக்குதான். 38,000 ரூபாய்க்கு சிவில் வழக்கு போட்டவர்களை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

உறையூர்வாசிக்கு என் கேள்வி வேறு. ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவில் விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஃபாரம் 29 அதற்குத்தான். கையெழுத்து போட்டு வாங்கியவரிடமே கொடுத்தால் வேலை முடிந்ததாக ஆகாது. 2007-இல் விற்று, கை மாறி மாறிப் போன ஒரு கார் 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் பெயர் மாறவே இல்லை. இழப்பீடு, முதன்முதலில் விற்றவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேஸ்கெட்டைவிட எனக்கு இதுதான் பயம்.

சேலத்துப் பொண்ணு:

அப்பாவின் காரை நான்தான் விற்றேன். விளம்பரத்திலேயே எழுதினேன்: கிளட்ச் இன்னும் கொஞ்ச நாள்தான், இடது கதவு டிங்கரிங் செய்தது, ஏ.சி. மத்தியானத்தில் திணறும். "இப்படி எழுதினா யாரும்மா வாங்குவா" என்று அம்மா திட்டினார். பதினைந்தாயிரம் குறைந்துதான் போனது. மூன்றாவது வாரம், "கிளட்ச் போயிடுச்சுக்கா" என்று போன். அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "ஆமாக்கா, படிச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து பேட்டரிக்கும் ஒரு தடவை கூப்பிட்டார், அது தனிக் கதை.

உறையூர்வாசி:

குமாஸ்தா ஐயா சொன்னதைப் படித்துவிட்டு அன்று இரவே பரிவாகன் செயலியில் பார்த்தேன். வண்டி இன்னும் என் பெயரில்தான் இருந்தது. சனிக்கிழமை பஸ் ஏறி திண்டுக்கல் போனேன்.

பட்டறையில் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். பிளந்த ஓஸ் தனியாகக் கிடந்தது. அதன் நுனியில் இருந்தது ஒரு மலிவு கிளாம்ப். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருடம் முன்பு ரோட்டோரத்தில் ஒரு பையனிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து நான் போட்டது அது. மறந்தே போயிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் பேரத்தில் எனக்கு நல்லதுதான், ஆனால் அந்த கிளாம்ப் முன்னாலேயே கிடக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மெக்கானிக்கே நடுவில் வந்து, "முள்ளு ஏறினதும் நீங்க நிறுத்தலையேண்ணே" என்று அவரையும் ஒரு வார்த்தை சொன்னார். மைத்துனர் எழுந்து வெளியே போய்விட்டார். ஓஸ், கூலன்ட், கேஸ்கெட் செட் என் கணக்கு, ஃபேசிங்கும் கூலியும் அவர் கணக்கு என்று பேசி முடித்தோம். என் பங்கு 14,500. இத்தோடு இந்த வண்டி விஷயமாக ஒருவர் மேல் ஒருவர் எதுவும் கேட்பதில்லை என்று தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்டோம்.

பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: இன்றைக்கே பெயர் மாற்ற விண்ணப்பம். ஃபாரங்கள் டேஷ்போர்டில் நான் வைத்த கவரிலேயே, பிரிக்காமல் இருந்தன. பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டோம். என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொன்னேன். இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தார். என் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்குப் போகாது, வித்தியாசத்தை அவர் கட்ட வேண்டும் என்றதும் மறுபடி முகம் சுருங்கியது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று பெயர் மாறிவிட்டதாக எஸ்.எம்.எஸ். வந்தது.

கோவை மெக்கானிக்:

நல்லது. ஒன்று அவரிடம் சொல்லிவிடுங்கள்: ரேடியேட்டர் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழையதையே திரும்பப் போட்டிருந்தால் அடுத்த மலையில் மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும்.