புதுப்பிப்பு: பிராட்பால்க் கோதுமையும் ரொட்டியின் தரமும்

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில், பகுதிக்குப் பகுதி வெவ்வேறு உரமிட்டு நடந்துவரும் பிராட்பால்க் கோதுமைச் சோதனை பற்றி முன்பு எழுதியிருந்தேன். உரமே காணாத பகுதியில் ஹெக்டேருக்குச் சுமார் 1 டன்தான் விளைகிறது என்றதும், "அப்போ தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போட்டால் ரொட்டியும் நன்றாக வருமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அளவைவிட நேரம்தான் இங்கே பெரிய விஷயம். தூர் கட்டி, தண்டு நீளும்போது கொடுப்பது பெரும்பாலும் விளைச்சலுக்குப் போகும். கதிர் வெளிவருமுன் கடைசியாக வரும் கண்ணாடி இலை விரிந்த பிறகு கொடுப்பது மணியின் புரதத்தைக் கூட்டும். பிரிட்டிஷ் மாவு ஆலைகள் ரொட்டிக் கோதுமையில் பொதுவாக 13% புரதம் எதிர்பார்க்கின்றன. மகசூல் எகிறி, தழைச்சத்து ஈடுகொடுக்காவிட்டால், மாவுச்சத்து மிகுந்து புரத விகிதம் இறங்கிவிடும்.

சரி, புரதம் வந்தால் போதுமா? கந்தகமும் வேண்டும். அது குறைந்தால் பிசைந்த மாவு இழுபடாமல் விறைத்து நிற்கும், ரொட்டி உப்பாது. ஒரு காலத்தில் நிலக்கரிப் புகையே வயலுக்குக் கந்தகத்தை இலவசமாகக் கொட்டியது. காற்று சுத்தமானதும் விவசாயி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று!

பயிர்ச் சுழற்சி பற்றிக் கேட்டவருக்கு: இடையில் வேறு பயிர் வைத்தால், வேரழுகல் பூஞ்சை தணிந்து அடுத்த கோதுமை கூடுதலாகவே விளைகிறது.

அப்புறம் அறுவடை. முற்றிய கதிர் மழையில் நனைந்து முளைவிட்டால், நொதி மாவுச்சத்தைச் சிதைத்து, ரொட்டியின் உட்புறம் பிசுபிசுக்கும். அந்தச் சரக்கு பெரும்பாலும் மாட்டுத் தீவன விலைக்குத்தான் போகும்.