அம்லோடிபினால் கால் வீக்கம்: ஒன்றுக்கு இரண்டு மாத்திரை எதற்கு?

மாட்டுங்காவாசி:
வணக்கம். 70 வயதாகும் என் மாமியாருக்கு இரத்தக் கொதிப்புக்காக 5 மாதங்களாக அம்லோடிபின் 10 மி.கி. கொடுத்துவந்தோம். மேல் அளவு 170-லிருந்து 145-க்கு இறங்கியது. ஆனால் மாலையானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் இரவு வரை மறைவதில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயந்து பரிசோதித்ததில் குறை ஏதும் இல்லை. சென்ற வாரம் மருத்துவர் அம்லோடிபினை 5 மி.கி. ஆக்கி, டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்த்தார். "ஒன்று போய் இரண்டாயிற்றா?" என்று அத்தை முகம் சுளிக்கிறார். இவை உள்ளே என்னதான் செய்கின்றன?

சயான் மருந்தாளுநர்:
வணக்கம். தமனிச் சுவரின் தசை சுருங்க வேண்டுமானால் அதனுள் கால்சியம் நுழைய வேண்டும். அம்லோடிபின் அந்த வாயிலை அடைப்பதால் தசை தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ஆனால் அது தமனிகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. இரத்தம் வரும் வழி அகலமாகி, திரும்பும் வழி பழையபடியே இருப்பதால், இடையிலுள்ள நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடலில் நீர் மிகுந்து வந்த வீக்கம் அன்று இது. நீர் பிரியும் மாத்திரையால் பெரிதாக வடியாது. தாமாகவே கேட்டு வாங்கிப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

டெல்மிசார்டனின் வழி வேறு. ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் குழாய்களைச் சுருக்குவதோடு, உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தையும் தூண்டும். அது பற்ற வேண்டிய இடத்தில் இம்மருந்து முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. சிரைப் பக்கமும் தளர்வதால் வீக்கம் குறையக்கூடும். ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வழியில் செல்லும் இன்னொன்றைச் சேர்ப்பதே அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கும். உடலில் அம்லோடிபின் பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால், வீக்கம் மறுநாளே வடியவில்லையே என்று அத்தை கவலைப்பட வேண்டாம்.

செம்பூர் தாத்தா:
எனக்கு முதலில் கொடுத்தது ராமிப்ரில். இரவெல்லாம் வறட்டு இருமல். நான் மும்பை மழையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மருந்து ஆஞ்சியோடென்சின் உருவாவதையே தடுக்கிறதாம். கூடவே பிராடிகினின் என்ற பொருள் சிதையாமல் சேர்ந்து இருமலைக் கிளப்புகிறதாம். டெல்மிசார்டனுக்கு மாறியதும் நின்றுவிட்டது. ராமிப்ரில் குடும்பத்தின் மூத்த மருந்தான கேப்டோபிரில் பிறந்ததற்குப் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சுதான் வழிகாட்டி என்பதை வாசித்தபோது வியப்பாக இருந்தது.

மாட்டுங்காவாசி:
மிக்க நன்றி, ஐயா. தெளிந்தது. அத்தைக்காகச் சோடியம் குறைந்த உப்பு ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறோம். அதைச் சேர்க்கலாம் அல்லவா?

சயான் மருந்தாளுநர்:
அதை இப்போது பிரிக்க வேண்டாம். அவ்வகை உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பெருமளவு பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மருந்து. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். சில வாரங்களில் இரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள். அப்போது மருத்துவரிடம் பொட்டலத்தையே காட்டிக் கேளுங்கள். அதுவரை வழக்கமான உப்பையே குறைத்துப் போட்டு, அப்பளத்தையும் ஊறுகாயையும் தள்ளி வையுங்கள்.